சரிவில் தூக்கும் ஏடிவிக்கு வீல் ஸ்பேசர் போடலாமா?

கீழ்ப்பழனி மலையில் காப்பியும் மிளகும் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு வயது 46. தோட்டம் முழுக்கச் சரிவு. இரண்டு ஆண்டுக்கு முன், ஒருவர் மட்டும் உட்கார்ந்து, பைக் போல ஹேண்டில்பார் பிடித்து ஓட்டும் 500 சிசி நாலு சக்கர ஏடிவி ஒன்றைப் பழையதாக வாங்கினார். மருந்து டேங்க், உர மூட்டை, பறித்த பழம் எல்லாம் அதில்தான் போகின்றன. போன மாதம் பின் கேரியரில் இரண்டு மூட்டை காப்பிப் பழத்தைக் கட்டிக்கொண்டு மேற்குச் சரிவின் குறுக்கே போயிருக்கிறார். மேட்டுப் பக்கத்து முன் சக்கரம் ஒரு வேரின் மேல் ஏறியதும் அந்தப் பக்கத்துச் சக்கரங்கள் இரண்டுமே தூக்கிவிட்டன. அவர் குதித்துவிட்டார். வண்டி பக்கத்தில் நின்ற சில்வர் ஓக் மரத்தில் சாய்ந்ததால் உருளாமல் தப்பியது.

“கோவையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக், சக்கரத்தை வெளியே தள்ளும் 2 இன்ச் ஸ்பேசரை நாலு சக்கரத்துக்கும் போட்டால் இனி கவிழவே கவிழாது என்கிறார். லேத்தில் அவரே அலுமினியத்தில் கடைந்து தருகிறாராம். என் மச்சானோ, ஸ்பேசர் போட்டால் பேரிங் போய்விடும், ஆக்சில் முறிந்துவிடும் என்கிறார். மனைவி வண்டியையே விற்றுவிடச் சொல்கிறார். 14 வயது மகன் லீவு நாளில் இதை ஓட்டுவதுதான் அவருக்குப் பெரிய பயம். வண்டிக்குப் பதிவு எண் கிடையாது. தோட்டம் இரண்டு துண்டாக இருப்பதால் நடுவில் பஞ்சாயத்து ரோட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். யார் பேச்சைக் கேட்பது?” என்று கேட்கிறார்.

ஐயா, உங்களுக்கு அடிபடாமல் போனது பெரிய நிம்மதி. மேட்டுப் பக்கமாகக் குதித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதுதான் சரி. பள்ளத்துப் பக்கம் குதித்திருந்தால் 300 கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டி உங்கள் மேலேயே வந்திருக்கும். இதை ஓட்டுகிற எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

உங்கள் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். ஸ்பேசர் உதவும், ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு உதவாது. அன்றைக்கு வண்டியைத் தூக்கியவை கேரியரில் உயரமாக இருந்த மூட்டைகளும் சக்கரத்துக்கு அடியில் வந்த வேரும்தான். அவற்றை அப்படியே விட்டுவிட்டு ஸ்பேசரை மட்டும் போட்டால் அதே இடத்தில் மறுபடியும் தூக்கும். “ஸ்பேசர் போட்டாச்சு” என்ற தைரியத்தில் நீங்கள் இன்னும் கொஞ்சம் சரிவான இடத்துக்கும் போய்விடுவீர்கள். எனக்கு அதுதான் கவலை.

ஸ்பேசர் கொடுப்பது எவ்வளவு, மூட்டை எடுத்துக்கொள்வது எவ்வளவு

ஸ்பேசர் என்பது, வீலை முறுக்கும் இடமான ஹப்புக்கும் வீலுக்கும் நடுவில் வைக்கும் உலோக வட்டு. 2 இன்ச் ஸ்பேசர் ஒவ்வொரு சக்கரத்தையும் 5 சென்டிமீட்டர் வெளியே தள்ளும். இரண்டு பக்கமும் சேர்த்து வண்டி 10 சென்டிமீட்டர் அகலமாகும். அகலம் கூடினால் பக்கவாட்டில் சாய்வது கடினம் என்பது உண்மைதான். எவ்வளவு கடினம் என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

உங்கள் வகை வண்டிகள் பொதுவாக 1.2 மீட்டர் அகலம் இருக்கும். டயரின் நடுவிலிருந்து டயரின் நடுவுக்கு அளந்தால் சுமார் 96 சென்டிமீட்டர். வண்டி 320 கிலோ, அதன் எடை மையம் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். 75 கிலோ ஆள் ஏறி உட்கார்ந்ததும் மொத்த எடை மையம் சுமார் 60 சென்டிமீட்டருக்கு ஏறுகிறது. இந்த நிலையில் வண்டி தாங்கும் பக்கச் சரிவு, காகிதக் கணக்குப்படி 38 டிகிரி சொச்சம். நாலு சக்கரத்துக்கும் 2 இன்ச் ஸ்பேசர் போட்டால் அது 41 டிகிரி ஆகும். ஆக, லாபம் 3 டிகிரிக்கும் குறைவு.

இப்போது மூட்டைக்கு வருவோம். மூட்டைக்கு 40 கிலோ என்று வைத்தால் இரண்டும் சேர்த்து 80 கிலோ. கேரியர் மேல் இருப்பதால் அந்த எடையின் மையம் தரையிலிருந்து 1 மீட்டருக்கு மேலே இருக்கிறது. மொத்த எடை மையம் 69 சென்டிமீட்டர் வரை ஏறிவிடும். ஸ்பேசர் இல்லாத வண்டி தாங்கும் சரிவு 38 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்கு இறங்கிவிடும். 2 இன்ச் ஸ்பேசர் கொடுத்ததைவிட அந்த இரண்டு மூட்டைகள் எடுத்துக்கொண்டது அதிகம்.

வேரின் கணக்கு இதைவிட மோசம். மேட்டுப் பக்கத்துச் சக்கரங்கள் 15 சென்டிமீட்டர் உயரமான கல்லின் மேலோ வேரின் மேலோ ஏறினால் வண்டி கிட்டத்தட்ட 9 டிகிரி கூடுதலாகச் சாய்கிறது. முன் சக்கரம் மட்டும் ஏறினால் சஸ்பென்ஷன் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், ஆனால் முழுதாக அல்ல. பள்ளத்துப் பக்கச் சக்கரம் அதே நேரத்தில் ஒரு குழியில் இறங்கினால் சாய்வு இன்னும் கூடும். ஒரே ஒரு வேர், ஸ்பேசர் தரும் லாபத்தைப் போல மூன்று மடங்கைச் சாப்பிட்டுவிடுகிறது.

நான் சொன்ன டிகிரிகளை நம்பி யாரும் சரிவில் இறங்கிவிடாதீர்கள். டயர் நசுங்கும், ஷாக் அமுங்கும், மண் சரியும். நிஜத்தில் வண்டி தூக்கும் கோணம் இதைவிடக் குறைவு. ஆஸ்திரேலியாவில் இதைச் சட்டமாகவே ஆக்கியிருக்கிறார்கள். 2021 அக்டோபர் 11 முதல் அங்கே விற்கும் பொதுப் பயன்பாட்டு ஏடிவி எதுவும் 28.81 டிகிரிக்குக் குறைந்த பக்கச் சரிவில் இரண்டு சக்கரத்தில் தூக்கக் கூடாது. கவிழ்ந்தாலும் ஓட்டுபவர் நசுங்காமல் இருக்க, பின்பக்கம் ஒரு பாதுகாப்பு வளைவும் பொருத்தியிருக்க வேண்டும். ஒரு நாட்டில் சட்டம் கேட்கும் குறைந்தபட்சமே 29 டிகிரிக்குள் இருக்கும்போது, மலைத்தோட்டத்தில் மூட்டையோடு போகிறவர் அந்தக் கோணத்துக்குப் பக்கத்தில்கூடப் போகக் கூடாது.

இன்னொன்று. செங்குத்தாக ஏறும்போது வண்டி பின்பக்கமாகப் புரள்வதும் ஏடிவி விபத்துகளில் அடிக்கடி நடக்கிற ஒன்று. அதற்கு ஸ்பேசர் எந்த விதத்திலும் உதவாது. முன் பின் சக்கரங்களுக்கு நடுவில் உள்ள நீளம் மாறுவதில்லையே. பின் கேரியரில் சுமை வைத்து ஏறினால் முன் சக்கரம் இன்னும் லேசாகிவிடும். மெக்கானிக் சொன்ன “கவிழவே கவிழாது” என்ற வார்த்தையை மனதிலிருந்து அழித்துவிடுங்கள்.

மச்சான் சொன்னதில் பாதி சரி

பேரிங் பற்றி அவர் சொன்னது சரி. தண்ணீர் வாளியை உடம்போடு ஒட்டிப் பிடிப்பதற்கும் கையை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இங்கேயும். சக்கரம் வெளியே தள்ளத் தள்ள, ஒவ்வொரு குலுக்கலிலும் ஹப் பேரிங்கை வளைக்கப் பார்க்கும் விசை கூடுகிறது. ஸ்பேசர் போட்ட மறுநாளே பேரிங் போய்விடும் என்று அர்த்தமில்லை. சேற்றிலும் தண்ணீரிலும் ஓடும் வண்டியில் அதன் ஆயுள் குறையும். வண்டியைப் பழையதாக வாங்கியிருக்கிறீர்கள், அதனால் முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். ஜாக்கி வைத்து ஒவ்வொரு சக்கரத்தையும் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆட்டம் தெரிந்தாலோ சுற்றும்போது கரகரவென்று சத்தம் வந்தாலோ பேரிங் ஏற்கெனவே தேய்ந்திருக்கிறது. அந்த நிலையில் ஸ்பேசரைப் பற்றிப் பேசவே வேண்டாம், பேரிங்கை மாற்றுங்கள்.

ஆக்சில் முறியும் என்ற பயம் உங்கள் வண்டிக்குப் பொருந்தாது. நாலு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் சஸ்பென்ஷன் என்று எழுதியிருக்கிறீர்கள். அத்தகைய வண்டியில் ஆக்சில் சக்கரத்தைச் சுற்றுவதற்கு மட்டும்தான். எடையைத் தாங்குவது ஹப்பும் பேரிங்கும். ஸ்பேசர் ஹப்புக்கு வெளியே உட்காருவதால், ஆக்சில் முனையில் வளைந்து சுற்றும் மூட்டான சிவி ஜாயின்ட்டின் கோணமும் மாறாது. வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் போட்டால்தான் அந்தக் கோணம் மாறி ஜாயின்ட் சீக்கிரம் தேயும், ரப்பர் பூட் கிழியும். இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். பின்னால் ஒரே நேரான ஆக்சில் உள்ள விளையாட்டு வகை ஏடிவிகளில் மட்டும் ஆக்சிலே வளைவு விசையையும் வாங்கிக்கொள்கிறது. அங்கே மச்சானின் பயத்துக்கு ஓரளவு காரணம் உண்டு.

அவர் சொல்லாமல் விட்ட பாதிப்பு முன் சக்கரத்தில் இருக்கிறது. முன்னால் ஸ்பேசர் போட்டால் ஹேண்டில்பார் கனமாகும். ஒரு பக்கச் சக்கரம் கல்லில் இடித்தால் அந்த உதை கைக்கு நேராக வரும், ஹேண்டில் சட்டென்று திரும்பப் பார்க்கும். சரிவின் குறுக்கே போகும்போது இப்படி ஒரு உதை வாங்குவது நல்லதல்ல. சக்கரத்தைத் திருப்பும் மூட்டுகளான டை ராட் முனையும் பால் ஜாயின்ட்டும் சீக்கிரம் தேயும். முழுதாகத் திருப்பினால் டயர் பிளாஸ்டிக்கில் உரசலாம். டயர் மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் மழைக்காலத்தில் சேறு உங்கள் முகத்துக்கே வரும்.

“அப்படியானால் பின்னால் மட்டும் போடுகிறேன்” என்று நீங்கள் கேட்கலாம். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். திருப்பத்தில் வண்டி நிலையாக இருப்பதாக அவர்களுக்குத் தோன்றுகிறது. ஆனால் பக்கச் சரிவில் வண்டி கவிழ்வது, பள்ளத்துப் பக்கத்து முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் இணைக்கும் கோட்டின் மேல்தான். பின்னால் மட்டும் அகலப்படுத்தினால் அந்தக் கோடு ஒரு முனையில் மட்டும் நகர்கிறது. கிடைப்பது பாதி லாபம்தான். 3 டிகிரியில் பாதி என்றால் நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அகலம் கூடுவதிலும் ஒரு கஷ்டம் உண்டு. 6, 7 அடி இடைவெளியில் நட்ட அரபிக்கா வரிசைகளுக்கு நடுவில் 1.2 மீட்டர் வண்டியே கிளைகளை உரசிக்கொண்டுதான் போகும். இன்னும் 10 சென்டிமீட்டர் வெளியே வந்தால் பாதையின் ஓரத்து இளகிய மண்ணில் பள்ளத்துப் பக்கச் சக்கரம் ஏறும். அந்த ஓரம் இடிந்தால் நீங்கள் சம்பாதித்த டிகிரி எல்லாம் அங்கேயே போய்விடும்.

லேத்தில் கடைந்த ஸ்பேசர் வேண்டாம்

இதில் மட்டும் நான் உறுதியாகச் சொல்கிறேன். கோவை லேத் பட்டறைகளின் கைத்திறமை மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் பட்டறையில் கிடைக்கும் அலுமினியக் கட்டி எந்த ரகம் என்று பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. நல்ல ஸ்பேசர்கள் 6061-டி6 என்ற வலுவேற்றிய அலுமினியத்தில், வார்க்காமல் முழுக் கட்டியிலிருந்து கடைந்து செய்யப்படுபவை. அவற்றில் இறுக்கி அடித்த, நட்டை முறுக்கும் மரைக் கம்பிகளான ஸ்டட்கள் உயர் வலிமை எஃகு. ஸ்டட் உட்காரும் ஓட்டை ஒரு நூலளவு பெரிதானால்கூட நட்டை முறுக்கும்போது ஸ்டட் சேர்ந்து சுற்றும். ஓட்டைகளின் வட்டம் அரை மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் வீல் நடுவில் உட்காராது, வண்டி உதறும்.

வாங்குவதாக இருந்தால் இவற்றைப் பார்த்து வாங்குங்கள்:

ஓட்டை வட்டத்தின் அளவு. போலாரிஸ் வண்டிகளில் பொதுவாக 4 ஓட்டை, 156 மில்லிமீட்டர் வட்டம். கேன்-ஆமில் 137. ஹோண்டா, யமஹா, சிஎஃப்மோட்டோ ஏடிவிகளில் 110. மாடலுக்கு மாடல் விதிவிலக்கு இருக்கலாம், அதனால் உங்கள் ஹப்பை அளந்து பார்த்துவிட்டே வாங்குங்கள். ஸ்டட்டின் மரை அளவும் ஒத்துப்போக வேண்டும்.

நடு ஓட்டை. ஸ்பேசரின் நடு ஓட்டை ஹப்பின் நடு மேட்டில் கச்சிதமாக உட்கார வேண்டும். அப்படி உட்காராவிட்டால் வீலை நடுவில் நிறுத்தும் வேலை முழுவதும் நாலு ஸ்டட்களின் மேல் விழுகிறது.

வகை. சும்மா நடுவில் சொருகும் தட்டையான வட்டு வேண்டாம். அதைப் போட்டால் பழைய ஸ்டட்டின் நீளம் போதாமல் நட் நாலைந்து மரையில்தான் பிடிக்கும். ஹப்பில் தனியாக முறுக்கி, தன் சொந்த ஸ்டட்களில் வீலைத் தாங்கும் வகைதான் சரி. அதிலும் பழைய ஸ்டட்டின் முனை ஸ்பேசரைத் தாண்டி நீட்டிக்கொண்டு வீலில் இடிக்கிறதா என்று பாருங்கள்.

நட்டின் அடிப்பாகம். சில வீலுக்குக் கூம்பு நட், சிலவற்றுக்குத் தட்டை நட். மாற்றிப் போட்டால் எவ்வளவு இறுக்கினாலும் இளகும்.

தடிமன் 1 அல்லது 1.5 இன்ச்சுக்கு மேல் உங்களுக்கு வேண்டாம். 1.5 இன்ச் நாலு சக்கரத்துக்கும் போட்டால் சுமார் 2 டிகிரி கிடைக்கும். 2 இன்ச்சுக்குப் போவதால் கூடுதலாக ஒரு டிகிரிகூடக் கிடைப்பதில்லை, பேரிங்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் சுமைதான் கூடுகிறது.

ஸ்பேசருக்குப் பதிலாக ஆஃப்செட் மாறிய வீலே வாங்கலாம். ஏடிவி வீலில் 5+2, 4+3 என்று அளவு போட்டிருக்கும். ஹப்பில் பொருந்தும் தகட்டுக்கு உள்பக்கம் எத்தனை இன்ச், வெளிப்பக்கம் எத்தனை இன்ச் என்பதுதான் அது. 5+2 வீலிலிருந்து 4+3 வீலுக்கு மாறினால் பக்கத்துக்கு 1 இன்ச் அகலம் கூடும். பேரிங் மேல் வரும் சுமை 1 இன்ச் ஸ்பேசருக்குச் சமம்தான். ஆனால் நடுவில் இன்னொரு மூட்டு இல்லை. டயரும் தேய்ந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படியும் டயருக்குச் செலவு செய்யப்போகிறீர்கள், அதோடு வீலையும் மாற்றிவிட்டால் ஸ்பேசர் பேச்சே வேண்டாம். எனக்கு இதுதான் பிடித்த வழி.

நடுவில் இன்னொரு மூட்டு என்று சொன்னேன் அல்லவா, அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஸ்பேசர் போட்ட வண்டியில் சக்கரத்துக்கு 4 நட் என்ற கணக்கில் 16 நட் கூடுதலாக வருகிறது. அத்தனையும் வீலுக்குப் பின்னால் மறைந்திருக்கும். வெளியே தெரியும் நட்டைத் தினமும் தட்டிப் பார்க்கலாம். உள்ளே இருப்பதைப் பார்க்க வீலைக் கழற்றினால்தான் முடியும். நான் பார்த்தவரை ஸ்பேசர் வட்டே உடைந்து சக்கரம் கழன்றது அபூர்வம். உள் நட் இளகுகிறது, ஸ்பேசர் ஹப்பின் மேல் மெல்ல அசைகிறது, ஓட்டை நீள்வட்டமாகத் தேய்கிறது, ஒரு ஸ்டட் அறுகிறது, மற்ற மூன்றும் அதன் சுமையைத் தாங்க முடியாமல் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. நட்டைச் சுற்றிச் செந்துருக் கோடு வழிந்திருந்தாலோ மெதுவாகப் போகும்போது ஒரு சக்கரத்திலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தாலோ அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

போடுவதானால் ஹப்பின் முகத்தைக் கம்பி பிரஷால் தேய்த்து, துருவும் பெயின்ட்டும் இல்லாமல் பளிச்சென்று ஆக்க வேண்டும். நடுவில் மணல் துகள் ஒன்று மாட்டினால் போதும், ஓடி ஓடி அது நசுங்கியதும் நட்டின் இறுக்கம் போய்விடும். குறுக்குக்குறுக்காக முறுக்க வேண்டும். இறுக்கத்தைக் கைப்பழக்கத்துக்கு விடாமல், வண்டியின் கையேட்டில் போட்டிருக்கும் அளவுக்கு, இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்சில் முறுக்குங்கள், ஸ்பேசர் செய்தவர் வேறு அளவு கொடுத்திருந்தால் உள் நட்டுக்கு அதை எடுத்துக்கொள்ளுங்கள். உள் நட்டுக்கு நீல நிற த்ரெட் லாக்கர் ஒரு சொட்டு விடலாம். காற்றுத் துப்பாக்கியால் கடகடவென்று முறுக்கும் ஆளிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். முதல் நாள் ஓட்டம் முடிந்ததும் வீலைக் கழற்றி உள் நட்டைச் சரிபாருங்கள், ஒரு வாரம் கழித்து மறுபடியும். அப்புறம் ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும், ஐப்பசி கார்த்திகைச் சேறு முடிந்ததும் பாருங்கள். இவ்வளவு மெனக்கெட நேரமில்லை என்றால் ஸ்பேசர் உங்களுக்கு வேண்டாம்.

முதலில் செய்ய வேண்டியவை

ஸ்பேசருக்கு ஒதுக்கிய பணத்தை எடுக்கும் முன் இவற்றைச் செய்துவிடுங்கள். பெரும்பாலானவற்றுக்குச் செலவே இல்லை.

சுமையைக் குறையுங்கள். கேரியரில் எத்தனை கிலோ வைக்கலாம் என்று அதன் பக்கத்திலேயே ஸ்டிக்கர் இருக்கும். பழைய வண்டியில் அது உரிந்துபோயிருந்தால் கையேட்டில் பாருங்கள். அந்த அளவும் சமதரைக்கானது, சரிவில் அதில் பாதி போதும். இரண்டு மூட்டையை ஒரே நடையில் கொண்டுபோகாமல் ஒவ்வொன்றாகக் கொண்டுபோங்கள், படுக்கவைத்து இறுக்கிக் கட்டுங்கள். பாதை இடம் கொடுக்கும் இடங்களில், தாழ்வான சிறிய டிரெய்லர் கேரியரைவிட எவ்வளவோ மேல். ஆனால் இறக்கத்தில் அது வண்டியைத் தள்ளும் என்பதால் எடையை அளவாக வையுங்கள்.

மருந்து டேங்க்கை நீங்கள் கவனிக்கவே இல்லை என்று நினைக்கிறேன். நிரம்பிய டேங்க் கனமானது, ஆனால் அதன் எடை ஓரிடத்தில் நிற்கும். பாதி காலியான டேங்க்கில் தண்ணீர் பள்ளத்துப் பக்கம் சாய்ந்து, வண்டி சாயும் அந்த நொடியில்தான் இன்னும் தள்ளும். உள்ளே தடுப்புத் தகடு உள்ள டேங்க் வாங்குங்கள், அல்லது டேங்க்கைப் பாதையில் நிறுத்திவிட்டு நீளமான ஹோஸை இழுத்து அடியுங்கள்.

டயர் காற்று. ஏடிவி டயருக்குப் பொதுவாக 5 முதல் 7 பிஎஸ்ஐ போதும். உங்கள் வண்டிக்கான சரியான அளவு ஸ்டிக்கரில் இருக்கும். பெட்ரோல் பங்க்கில் காருக்கு அடிப்பது போல அடித்தால் டயர் கல்லாகி, ஒவ்வொரு வேரிலும் வண்டி துள்ளும். பங்க் மீட்டரில் 5 பிஎஸ்ஐயைச் சரியாகப் படிக்கவும் முடியாது. குறைந்த அழுத்தத்துக்கான சிறிய கேஜ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே அளவா என்று பாருங்கள். பள்ளத்துப் பக்க டயரில் காற்று குறைந்திருந்தால் வண்டி நிற்கும்போதே சாய்ந்துதான் நிற்கும்.

பாதையைத் திருத்துங்கள். அந்த வேரை வெட்டவோ மண் போட்டு மூடவோ ஒரு நாள் ஆள்கூலிதான் ஆகும். மேற்குச் சரிவில் வண்டி போகும் தடத்தை மலைப்பக்கமாகச் சற்று உள்சாய்வாக வெட்டி, தண்ணீர் உள்பக்கம் ஓட வாய்க்கால் விட்டால், வண்டி பள்ளத்துப் பக்கம் சாய்வதற்குப் பதிலாக மேட்டுப் பக்கம் சாய்ந்து போகும். இதற்கு ஈடாக எந்த ஸ்பேசரும் கிடையாது.

பணம் மீதமிருந்தால், நான் சொன்ன பாதுகாப்பு வளைவு உங்கள் மாடலுக்குக் கிடைக்குமா என்று டீலரிடம் கேளுங்கள். வண்டி கவிழ்ந்த பிறகும் உயிரைக் காப்பாற்றக்கூடியது அது. ஹெல்மெட்டைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. தோட்டத்துக்குள்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

ரோடும் இன்சூரன்ஸும்

பதிவு எண் இல்லாத வண்டி தோட்டத்துக்குள் ஓடும்வரை ஒரு நிலை. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், அடைத்த வளாகத்துக்குள் மட்டுமே ஓடுவதற்காக அமைந்த தனி வகை வண்டிகளை மோட்டார் வாகனம் என்ற வரையறையிலிருந்து விலக்கியிருக்கிறது. பஞ்சாயத்து ரோட்டைத் தாண்டினால் அந்த வாதம் நிற்பது கடினம். சில அடி தூரம்தானே என்று நினைப்பீர்கள். அந்தச் சில அடியில் ஒரு பைக் வந்து மோதினால், பதிவு இல்லை, மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இல்லை என்ற இரண்டு குறையும் உங்கள் தலையில்தான் விழும். இரண்டு துண்டுக்கும் நடுவில் சுமையைப் பதிவுள்ள வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதுதான் பத்திரம்.

பதிவான வண்டிகளுக்கு வேறொரு சிக்கல். உற்பத்தியாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறுபடும் மாற்றங்களைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்று 182ஏ பிரிவு சொல்கிறது. ஆகவே நாளை இந்த வண்டியைக் கொடுத்துவிட்டு ரோட்டுப் பதிவுள்ள வண்டி வாங்கினால், அதில் ஸ்பேசர் போடும் முன் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் தோட்டத்து ஆட்களும் இதை ஓட்டுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். வேலை நேரத்தில் அவர்களுக்கு அடிபட்டால் இழப்பீடு கொடுக்கும் பொறுப்பு உங்களுடையது. பட்டறையில் கடைந்த ஸ்பேசர் கழன்று விழுந்தது என்று தெரிந்தால் உங்கள் பக்கம் பேச ஒன்றும் இருக்காது. யார் ஓட்டலாம், எவ்வளவு சுமை என்பதை எழுதி ஷெட்டில் ஒட்டி வையுங்கள்.

மகனும், விற்பதா வேண்டாமா என்பதும்

உங்கள் மனைவியின் பயத்தைத் தள்ளிவிடாதீர்கள். கடிதத்தில் உள்ளவர்களில் ஆபத்தைச் சரியான இடத்தில் பார்த்திருப்பவர் அவர்தான். பெரியவர்களுக்கான ஏடிவியை 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் ஓட்டக் கூடாது என்று வண்டியின் மேலேயே எச்சரிக்கை ஒட்டியிருப்பார்கள். அது வெறும் சம்பிரதாயம் அல்ல. இந்த வண்டியில் ஓட்டுபவர் சீட்டிலிருந்து எழுந்து, மேட்டுப் பக்கம் உடம்பைச் சாய்த்து எடையை நகர்த்தினால்தான் சரிவில் அது நிற்கும். 45 கிலோ பையன் எவ்வளவு சாய்ந்தாலும் 320 கிலோ வண்டிக்கு அது போதாது. எங்கே நிறுத்த வேண்டும், எந்தச் சரிவில் இறங்கி நடக்க வேண்டும் என்ற நிதானமும் அந்த வயதில் வருவதில்லை. ஸ்பேசர் இதில் எதையும் மாற்றாது. சாவியை ஷெட்டில் தொங்கவிடாமல் உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் சீட் வண்டியில் அவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போவதும் வேண்டாம், உங்கள் எடை மையம் இன்னும் ஏறும், நீங்கள் சாய்வதற்கும் இடமிருக்காது.

வண்டியை விற்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். சமமான தடத்தில் அது உங்கள் முதுகைக் காப்பாற்றுகிறது, ஆள் கிடைக்காத பறிப்புக் காலத்தில் பெரிய துணை. பேரிங்கைச் சோதியுங்கள், பாதையைத் திருத்துங்கள், சுமையைப் பாதியாக்குங்கள், டயர் மாற்றும்போது 4+3 வீலைப் போடுங்கள். இவ்வளவும் செய்து ஒரு பறிப்புக் காலம் ஓட்டிய பிறகும் எங்காவது மேட்டுச் சக்கரம் லேசாவதாகத் தோன்றினால், அங்கே ஸ்பேசரைத் தேடாமல் அந்த இடத்துக்கு வண்டி கொண்டுபோவதை நிறுத்துங்கள். மேற்குச் சரிவில் தடம் வெட்டப் பாறை இடம் கொடுக்கவில்லை என்றால் அந்தத் துண்டில் பறித்ததை ஆளோ பொதிக்குதிரையோ தட்டுப் பாதை வரை இறக்கிக் கொண்டுவரட்டும். ஏடிவி அங்கிருந்து எடுத்துக்கொள்ளட்டும்.